பிரித்தானியாவில் முதல் ஊழியரை வேலைக்கு எடுக்கும்போது: சம்பளம், வரி, சட்டம்

கடையோ உணவகமோ துப்புரவு நிறுவனமோ, எதை நடத்தினாலும் வெளியாள் ஒருவரை வேலைக்கு எடுக்கும் நாளில் உங்கள் நிலை மாறிவிடுகிறது. அதுவரை உங்கள் வரவு செலவுக்கு மட்டும் கணக்குக் காட்டினால் போதும். இனி இன்னொருவருடைய வரி, பென்ஷன், விடுமுறை, நோய்க்கால ஊதியம் எல்லாவற்றுக்கும் நீங்கள் பொறுப்பு. இவற்றில் பலவற்றை முதல் சம்பளம் கொடுப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். ஆள் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவோருக்குத்தான் அபராதக் கடிதம் வீடு தேடி வருகிறது.

கீழே உள்ள தொகைகள் 2026 ஏப்ரலில் தொடங்கும் வரி ஆண்டுக்கானவை. இங்கே வரி ஆண்டு ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை. இங்கிலாந்தை மனதில் வைத்து எழுதுகிறேன். ஸ்கொட்லாந்தில் வருமான வரி வீதங்கள் வேறு. வட அயர்லாந்தில் தொழிற்சட்டம் தனி.

முதற்படி: வேலை செய்யும் உரிமையைச் சரிபார்த்தல்

இதை ஆள் வேலையில் கால் வைப்பதற்கு முன் செய்ய வேண்டும். தெரிந்த பையன், ஊர்க்காரர், உறவினரின் மகள் என்று யாராக இருந்தாலும் விதிவிலக்கு இல்லை. பிரித்தானிய அல்லது அயர்லாந்துக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் என்றால் அசலை நேரில் வாங்கிப் பாருங்கள். படமும் முகமும் பொருந்துகின்றனவா என்று கவனியுங்கள். பிரதி எடுத்து, பார்த்த தேதியை அதில் எழுதி வையுங்கள்.

விசாவில் இருப்பவர்களுக்கு இப்போது எல்லாமே ஈ-விசா. பழைய பிஆர்பி (குடியிருப்பு அனுமதி) அட்டையைக் கையில் வாங்கிப் பார்ப்பதால் உங்களுக்குப் பாதுகாப்பு இல்லை. ஊழியர் 9 எழுத்து, எண் கொண்ட ஷேர் கோட் ஒன்றை எடுத்துத் தருவார். அதையும் அவருடைய பிறந்த தேதியையும் அரசு இணையதளத்தில் வேலை கொடுப்பவருக்கான பக்கத்தில் நீங்களே போட்டுப் பார்க்க வேண்டும். பலர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். ஊழியர் தன் தொலைபேசியில் திறந்து காட்டும் பக்கத்தைப் பார்த்துவிட்டு, அல்லது அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைச் சேமித்துவிட்டு, சரிபார்த்தாயிற்று என்று நினைக்கிறார்கள். அது செல்லாது. நீங்கள் திறந்த பக்கத்தை, தேதியோடு சேமித்து, அவர் வேலையில் இருக்கும் காலம் முழுதும், விலகிய பின் இரண்டு ஆண்டுகளும் வைத்திருக்க வேண்டும். அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைத்தால் 2024 பெப்ரவரி முதல் ஓர் ஆளுக்கு 45,000 பவுண்டு வரை அபராதம்; இரண்டாம் முறை பிடிபட்டால் 60,000 வரை. சிறு கடையை மூடிவிடப் போதுமான தொகை இது.

மாணவர் விசாவில் வந்தவர்களை எடுக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். பட்டப் படிப்பில் இருப்பவர் படிப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரைதான் வேலை செய்யலாம். வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. இந்த வாரம் 23, அடுத்த வாரம் 17, சராசரி சரிதானே என்று கணக்குப் போட முடியாது. 23 மணி நேரம் செய்த வாரத்திலேயே அவர் விசா நிபந்தனையை மீறிவிட்டார். அதன் விளைவு அவர் படிப்பையே பாதிக்கலாம். கல்லூரி எப்போது நடக்கிறது, எப்போது விடுமுறை என்று காட்டும் தாளை அவரிடம் வாங்கிக் கோப்பில் வைப்பது உங்கள் கடமை. இன்னொரு கடையிலும் அவர் வேலை செய்கிறாரா என்று கேளுங்கள்; 20 மணி என்பது எல்லா வேலைக்கும் சேர்த்துத்தான்.

இரண்டாம் படி: எச்.எம்.ஆர்.சி.யில் (வரித் துறையில்) பதிவும் காப்பீடும்

வாரம் 129 பவுண்டோ அதற்கு மேலோ ஒருவருக்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்றால், அல்லது அவருக்கு வேறு வேலையோ பென்ஷனோ இருந்தால், பிஏஒய்இ (சம்பளத்திலிருந்தே வரி பிடித்துக் கட்டும்) திட்டத்தில் வேலை கொடுப்பவராகப் பதிய வேண்டும். முதல் சம்பள நாளுக்கு முன் பதிவு முடிந்திருக்க வேண்டும். ஆனால் இரண்டு மாதங்களுக்கு மேல் முன்கூட்டிப் பதியவும் முடியாது. எண்கள் தபாலில் வரச் சில வாரங்கள் ஆகலாம் என்பதால், ஆளை உறுதி செய்த அன்றே விண்ணப்பித்துவிடுங்கள்.

இரண்டு எண்கள் வரும். ஒன்று பிஏஒய்இ ரெஃபரன்ஸ். படிவங்களிலும் பேஸ்லிப்பிலும் பென்ஷன் கணக்கிலும் கேட்பது அது. மற்றது அக்கவுண்ட்ஸ் ஆபிஸ் ரெஃபரன்ஸ், எழுத்தும் எண்ணுமாக 13 கொண்டது. வரிப் பணம் கட்டும்போது போட வேண்டியது இதைத்தான். இரண்டையும் மாற்றிப் போட்டால் பணம் எங்கோ போய் நிற்கும், உங்கள் கணக்கில் நிலுவை என்று கடிதம் வரும்.

கூடவே எம்ப்ளாயர்ஸ் லயபிலிட்டி காப்பீடு எடுங்கள். குறைந்தது 50 லட்சம் பவுண்டுக்கு இருக்க வேண்டும். இல்லாமல் ஒரு நாள் ஆளை வேலைக்கு வைத்தாலும் அந்த நாளுக்கு 2,500 பவுண்டு வரை அபராதம். கடைக்கு எடுத்த பொதுக் காப்பீட்டுக்குள் இதுவும் அடங்கியிருக்கும் என்று ஊகிக்காதீர்கள். பத்திரத்தைத் திறந்து பாருங்கள்.

மூன்றாம் படி: எழுத்தில் கொடுப்பது

2020 ஏப்ரல் முதல், வேலை நிபந்தனைகளை முதல் நாளே எழுத்தில் கொடுக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு, எந்த நாளில் வரும், எத்தனை மணி நேரம், எந்தெந்த நாள், விடுமுறை எத்தனை, வேலையை விட எவ்வளவு முன்னறிவிப்பு, பரீட்சார்த்த காலம் உண்டா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை; ஏகாஸ் என்னும் அமைப்பின் தளத்தில் மாதிரிப் படிவம் இலவசமாகவே கிடைக்கிறது.

சம்பளத்தை எப்போதும் பிடித்தங்களுக்கு முந்திய மொத்தத் தொகையாகவே எழுதுங்கள். "கையில் 1,800 வரும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டால், எவ்வளவு வரி பிடிப்பது என்று காட்டும் அவருடைய வரிக் குறியீடு மாறும்போதெல்லாம் அந்தச் சுமை உங்கள் தலையில் விழும். அவருக்கு முன்பே ஒரு வேலை இருந்து, இங்கே முதல் பவுண்டிலிருந்தே 20 சதவீத வரி பிடிக்கச் சொல்லி எச்.எம்.ஆர்.சி. அறிவித்தால், கையில் 1,800 கொடுக்க நீங்கள் எவ்வளவு மேலே ஏற வேண்டும் என்று கணக்குப் பார்த்தால் புரியும்.

நான்காம் படி: வரிக் குறியீடு

புதியவர் முந்தைய வேலையிலிருந்து பி45 (விலகும்போது தரும் சம்பளம், வரிச் சான்று) கொண்டுவந்தால் அதிலுள்ள குறியீட்டையும் தொகைகளையும் பதிவிடுங்கள். பி45 இல்லையென்றால் ஸ்டார்ட்டர் செக்லிஸ்ட் என்ற படிவத்தை அவரே நிரப்ப வேண்டும். அதில் ஏ, பி, சி என்று மூன்று கூற்றுகள். ஏப்ரல் 6க்குப் பின் இதுதான் முதல் வேலை என்றால் ஏ. இந்த ஆண்டில் வேறு வேலை இருந்தது, இப்போது இது ஒன்றுதான் என்றால் பி. வேறு வேலையோ பென்ஷனோ இன்னும் இருக்கிறது என்றால் சி. முதல் இரண்டுக்கும் 1257எல், பி-க்கு மட்டும் அந்தந்த மாதத்தைத் தனியாகக் கணக்கிடும் முறையில்; சி-க்குப் பிஆர், அதாவது முழுச் சம்பளத்துக்கும் 20 சதவீதம். புதிதாக நாட்டுக்கு வந்தவர்கள் இந்தப் படிவத்தைப் புரியாமல் நிரப்பி, மாதக் கணக்கில் கூடுதல் வரி கட்டுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் விளக்குங்கள்; பத்து நிமிட வேலை.

புதிதாக வந்தவருக்கு நேஷனல் இன்சூரன்ஸ் (அரசு பென்ஷன் முதலியவற்றுக்கான சமூகக் காப்பீடு) எண் இன்னும் வராமல் இருக்கலாம். வேலை செய்யும் உரிமை இருந்தால் எண் இல்லாமலே வேலையைத் தொடங்கலாம். சம்பள அறிக்கையில் அந்த இடத்தை வெறுமையாக விட்டு, பெயர், பிறந்த தேதி, முகவரி ஆகியவற்றைச் சரியாகப் போடுங்கள். வேறொருவருடைய எண்ணைப் போட்டு ஒப்பேற்றுவது குற்றம். அதோடு இருவருடைய பென்ஷன் பதிவும் சிக்கலாகும்.

ஐந்தாம் படி: ஒரு மாதச் சம்பளத்தைப் பிரித்துப் பார்ப்பது

மாதம் 2,000 பவுண்டு சம்பளம், குறியீடு 1257எல், வயது 30 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12,570 பவுண்டு வரை வரி இல்லை. மாதத்துக்கு ஏறத்தாழ 1,048. மீதிக்கு 20 சதவீதமாக, முழுப் பவுண்டுக்குக் குறைத்துப் பார்த்தால், 190.20 வரி. நேஷனல் இன்சூரன்ஸ் 1,048க்கு மேற்பட்ட 952 பவுண்டுக்கு 8 சதவீதம், 76.16. பென்ஷன் 520 பவுண்டுக்கு மேற்பட்ட 1,480க்குத்தான் கணக்கிடப்படும். நெஸ்ட் போன்ற திட்டத்தில் ஊழியரிடமிருந்து 4 சதவீதம், 59.20 பிடிக்கிறீர்கள், அரசு 14.80 சேர்க்கிறது. அவர் கைக்குப் போவது 1,674.44.

இனி உங்கள் பக்கம். வேலை கொடுப்பவர் கட்ட வேண்டிய நேஷனல் இன்சூரன்ஸ் 2025 ஏப்ரலில் 15 சதவீதமாக உயர்ந்தது. அதோடு அது தொடங்கும் எல்லை ஆண்டுக்கு 9,100 பவுண்டிலிருந்து 5,000க்கு இறங்கியது. மாதம் 417க்கு மேற்பட்ட 1,583க்கு 15 சதவீதம், 237.45. பென்ஷனுக்கு உங்கள் 3 சதவீதம், 44.40. ஆக 2,000 பவுண்டு ஊழியர் உங்களுக்கு 2,281.85 பவுண்டு. விடுமுறையில் இருக்கும்போது அவருக்குப் பதிலாக வருபவருக்கான செலவு இதில் சேரவில்லை.

இதைத் தாங்கும்படி எம்ப்ளாய்மென்ட் அலவன்ஸ் என்ற சலுகை இருக்கிறது. உங்கள் பங்கு நேஷனல் இன்சூரன்ஸில் ஆண்டுக்கு 10,500 பவுண்டு வரை கட்டத் தேவையில்லை. மேலே சொன்ன ஊழியரைப் போல மூன்று பேர் இருந்தால்கூட உங்கள் பங்கு முழுதும் இதற்குள் அடங்கிவிடும். ஆனால் தானாக வராது. ஒவ்வோர் ஆண்டும் எச்.எம்.ஆர்.சி.க்கு அனுப்பும் ஈ.பி.எஸ். அறிக்கையில் கேட்க வேண்டும். கம்பெனியில் சம்பளம் பெறுபவர் டைரக்டர் ஒருவர் மட்டும்தான் என்றால் கிடைக்காது. வீட்டில் குழந்தை பார்க்கும் ஆளுக்கும் கிடைக்காது. ஒவ்வொரு கடைக்கும் ஒரு கம்பெனி என்று மூன்று வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும்: அவை ஒருவர் கட்டுப்பாட்டில் இருந்தால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே அலவன்ஸ்தான்.

21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நேஷனல் இன்சூரன்ஸ் வகை எழுத்து எம். ஆண்டுக்கு 50,270 பவுண்டு வரை அவர்களுக்காக நீங்கள் எதுவும் கட்ட வேண்டாம். மென்பொருளில் வழக்கமான ஏ என்று விட்டுவிட்டால் இல்லாத செலவைக் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

ஆறாம் படி: குறைந்தபட்ச ஊதியம்

நம்மவர் கடைகளில் அதிகம் சிக்கல் வருவது இங்கேதான் என்பதால் சற்று நின்று பார்ப்போம். 2026 ஏப்ரல் 1 முதல் 21 வயதும் அதற்கு மேலும் மணிக்கு 12.71 பவுண்டு, 18 முதல் 20 வயது வரை 10.85; 18 வயதுக்குக் கீழும், பயிற்சித் தொழிலாளர்களுக்குத் தொடக்கத்திலும் 8.00.

மேலே பார்த்த 2,000 பவுண்டு ஊழியர் வாரத்துக்கு 36 மணி நேரம் வேலை செய்தால் சரி. ரோட்டாவில் 36 என்று இருந்து, உண்மையில் ஷட்டர் திறப்பது, சரக்கு இறக்குவது, இரவு சமையலறையைக் கழுவி மூடுவது எல்லாம் சேர்ந்து 45 மணி நேரம் ஆகிறது என்றால், மாதத்துக்கு 195 மணி. மணிக்கு 10.26தான் வருகிறது. அவருக்கு மாதம் 478 பவுண்டுக்கு மேல் குறைத்துக் கொடுக்கிறீர்கள். கண்டுபிடிக்கப்பட்டால் அதை இன்றைய வீதத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் குறைத்த தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், ஆளுக்கு 20,000 பவுண்டு வரை. பெயரும் பொதுவில் வெளியிடப்படும்.

"சாப்பாடும் தங்க இடமும் கொடுக்கிறோமே" என்ற பேச்சு இந்தக் கணக்கில் எடுபடாது. சாப்பாட்டுக்குச் சல்லிக்காசு கழிக்க முடியாது. தங்குமிடத்துக்கு மட்டும் நாளுக்கு 11.10 பவுண்டு வரை கணக்கில் கொள்ளலாம். கறுப்புக் காற்சட்டையும் சப்பாத்தும் வாங்கி வரச் சொன்னால் அந்தச் செலவும் ஊதியத்தைக் குறைத்ததாகவே பார்க்கப்படும். வேலை பழகும் நேரமும் சம்பள நேரம்தான். வாடிக்கையாளர் கொடுக்கும் டிப்ஸ் ஊதியத்தில் சேராது. 2024 அக்டோபர் முதல் டிப்ஸ் முழுவதையும், கிடைத்த மாதத்துக்கு அடுத்த மாத முடிவுக்குள் ஊழியர்களுக்கே நியாயமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

முதலாளியின் வீட்டில் சேர்ந்து வாழும் குடும்பத்தார் குடும்பத் தொழிலில் உதவினால் இந்த ஊதியச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. தொழில் லிமிடெட் கம்பெனியாக இருந்தால் அந்த விலக்கு கிடையாது. கம்பெனிக்குக் குடும்பம் இல்லை.

ஆட்களைச் சொந்தத் தொழில் செய்பவர்களாகக் காட்டி இன்வாய்ஸ் வாங்கும் வழியை யாராவது சொல்லித் தருவார்கள். நீங்கள் சொல்லும் நேரத்துக்கு வந்து, உங்கள் அடுப்பில், உங்கள் பாத்திரத்தில் சமைப்பவர், தனக்குப் பதிலாக வேறொருவரை அனுப்ப முடியாதவர், எந்தத் தாளில் எப்படி எழுதினாலும் உங்கள் ஊழியர்தான். பிடிக்காமல் விட்ட வரியையும் நேஷனல் இன்சூரன்ஸையும் பின்னர் உங்களிடமே வசூலிப்பார்கள்.

காசாகக் கொடுப்பது

சம்பளத்தை ரொக்கமாகக் கொடுப்பதற்குத் தடையில்லை. கணக்கில் காட்டாமல் கொடுப்பதுதான் குற்றம். சில நேரம் ஊழியரே கேட்பார்: "பேஸ்லிப் வேண்டாம் அண்ணை, கையில தந்தாக் காணும்." அப்போது மறுத்துவிடுங்கள். ஏன் என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள்.

இந்த நாட்டில் அரசு பென்ஷன் பெறக் குறைந்தது 10 ஆண்டு நேஷனல் இன்சூரன்ஸ் பதிவு வேண்டும். முழுத் தொகைக்கு 35 ஆண்டு. கணக்கில் வராத ஆண்டுகள் பதிவில் இல்லை. மகப்பேற்று ஊதியம், வீட்டுக் கடன் எல்லாம் பேஸ்லிப்பைப் பார்த்துத்தான் வரும். ஊரிலிருந்து மனைவியையோ கணவரையோ கூப்பிடுவதற்கு 2024 ஏப்ரல் 11 முதல் ஆண்டுக்கு 29,000 பவுண்டு வருமானம் காட்ட வேண்டும். ஒரே இடத்தில் வேலை செய்பவரிடம் விசா அதிகாரிகள் கேட்பது ஆறு மாதப் பேஸ்லிப்பும் அதே தொகை வந்து விழுந்த வங்கிக் கணக்கும். இன்று கையில் கூடுதலாக நூறு, இருநூறு வாங்கியவர், குடும்பத்தைப் பிரிந்து ஆண்டுக் கணக்கில் காத்திருக்க நேரும். நம்மை நம்பி வேலைக்கு வந்த ஒருவருக்கு நாம் அப்படிச் செய்யக் கூடாது.

ஏழாம் படி: பென்ஷன்

முதல் ஊழியர் வேலை தொடங்கும் நாளிலேயே பென்ஷன் கடமையும் தொடங்குகிறது. 22 வயது முதல் அரசு பென்ஷன் வயது வரை உள்ளவர், ஆண்டுக்கு 10,000 பவுண்டுக்கு மேல் பெறுபவர் என்றால் நீங்களே சேர்க்க வேண்டும். விரும்பினால் மூன்று மாதம் வரை தள்ளிப்போடலாம், ஆனால் அதை எழுத்தில் அறிவிக்க வேண்டும். சேர்ந்தபின் ஒரு மாதத்துக்குள் விலகும் உரிமை ஊழியருக்கு உண்டு. விலகும்படி நீங்கள் தூண்டினால் அது சட்டமீறல்.

ஐந்து மாதத்துக்குள் பென்ஷன்ஸ் ரெகுலேட்டர் தளத்தில், கடமையை நிறைவேற்றியதாக ஒரு பிரகடனம் செய்ய வேண்டும். சேர்க்க வேண்டியவர் யாருமே இல்லை என்றாலும் இந்தப் பிரகடனம் கட்டாயம். இதை மறந்தவர்களுக்கு 400 பவுண்டு அபராதம் வருகிறது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, விலகியவர்களை மீண்டும் சேர்த்துப் பார்க்கும் வேலையும் உண்டு.

எட்டாம் படி: மாதந்தோறும்

பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் எச்.எம்.ஆர்.சி.யின் பேசிக் பிஏஒய்இ டூல்ஸ் இலவசமாகக் கிடைக்கும். பேஸ்லிப் மட்டும் அதில் வராது. யாருக்கு எவ்வளவு சம்பளம், பிடித்தம் என்று சொல்லும் எஃப்.பி.எஸ். அறிக்கை சம்பள நாளிலோ அதற்கு முன்னரோ எச்.எம்.ஆர்.சி.க்குப் போக வேண்டும். கணக்காளர் அடுத்த வாரம் அனுப்புவார் என்று விட்டால் அது தாமதம். ஒன்பது பேர் வரை உள்ள இடத்துக்கு மாதம் 100 பவுண்டு அபராதம், ஆண்டில் முதல் தடவை மட்டும் விட்டுவிடுவார்கள். அந்த மாதம் யாருக்கும் சம்பளம் இல்லையென்றாலும் 19ஆம் தேதிக்குள் ஈ.பி.எஸ். அனுப்பிச் சொல்லுங்கள். பிடித்த வரியும் உங்கள் பங்கும் 22ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். மாதத்துக்குச் சராசரி 1,500க்குக் கீழ் என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டலாம். ஊழியரிடம் பிடித்த வரியைக் கடை வாடகைக்கு எடுத்துப் புரட்டும் பழக்கம் வேண்டாம். சம்பள நாளிலேயே வேறொரு வங்கிக் கணக்குக்கு மாற்றி வையுங்கள்.

மணிக்கணக்கில் சம்பளம் பெறுபவரின் பேஸ்லிப்பில் எத்தனை மணி நேரம் என்பதும் இருக்க வேண்டும். கல்லாவில் குறைந்த பணத்தைப் பிடிக்க வேண்டுமானால் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் இருக்க வேண்டும். அப்போதும் சில்லறைக் கடைகளில் ஒரு சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பிடிக்க முடியாது.

ஆண்டு முடிந்ததும் மே 31க்குள் ஒவ்வொருவருக்கும் பி60 (ஆண்டின் சம்பளம், வரிச் சான்று). ஊதியப் பதிவுகளை வரி ஆண்டு முடிந்து மூன்று ஆண்டும், குறைந்தபட்ச ஊதியம் தொடர்பான நேரப் பதிவுகளை ஆறு ஆண்டும் வைத்திருங்கள்.

விடுமுறை, நோய், விலகல்

ஆண்டுக்கு 5.6 வாரச் சம்பள விடுமுறை எல்லோருக்கும் உண்டு. ஐந்து நாள் வேலை செய்பவருக்கு 28 நாள், மூன்று நாள் செய்பவருக்கு 16.8 நாள். பொது விடுமுறைகளை இதற்குள் அடக்கலாம். வாரத்துக்கு வாரம் நேரம் மாறுபவருக்குச் செய்த நேரத்தில் 12.07 சதவீதம் சேர்ந்துகொண்டே போகும். வேலையில் இருக்கும்போது விடுமுறையைப் பணமாக்கிக் கழிக்க முடியாது.

நோய்க்கால ஊதியத்தில் முதல் மூன்று நாள் காத்திருப்பும், வருமான எல்லையும் 2026 ஏப்ரலோடு போய்விட்டன. முதல் நாளிலிருந்தே கொடுக்க வேண்டும், வாரத்துக்கு 123.25 பவுண்டு அல்லது சராசரிச் சம்பளத்தில் 80 சதவீதம், எது குறைவோ அது. மகப்பேற்று ஊதியத்தைக் கண்டு சிறு கடைக்காரர்கள் அஞ்ச வேண்டியதில்லை: அந்தத் தொகை முழுதும், மேலே சிறிது சேர்த்தும், அரசிடமிருந்து கழித்துக்கொள்ளலாம்.

ஒருவர் விலகும்போது எடுக்காத விடுமுறைக்கான பணத்தையும் கடைசிச் சம்பளத்தோடு கொடுங்கள். எஃப்.பி.எஸ்.ஸில் விலகிய தேதியைப் போட்டு, பி45ஐ உடனே கையில் கொடுங்கள். மனக்கசப்போடு போனவர் என்பதற்காக அதைப் பிடித்து வைக்க உங்களுக்கு உரிமை இல்லை. பி45 இல்லாமல் போனால் அடுத்த இடத்தில் அவருக்குத் தவறான குறியீடு விழும்; முதல் மாதச் சம்பளத்திலேயே கூடுதல் வரி போய்விடும்.